தொலைக்காட்சியும் தோட்டத்து வீடும்

பொழுதுபோக்கு என்னும் சொல்லை நம்மவர் இருவகையாக வழங்கக் காண்கிறோம். ஒரு சாரார் அதனை வீண் வேலை என்னும் பொருளிலும், மற்றொரு சாரார் உழைத்துக் களைத்த உடலுக்கும் உள்ளத்திற்கும் இன்றியமையாத ஓய்வு என்னும் பொருளிலும் வழங்குகின்றனர். இவ்விரு சாராரும் ஒருங்கே வைதும் விரும்பியும் வருகின்ற பொருள் ஒன்று உண்டெனில், அது தொலைக்காட்சிப் பெட்டியேயாகும். மேடையேறி அதனைக் கண்டியாத சொற்பொழிவாளர் அரியர். வீடு திரும்பியபின் அதன்முன் அமராத சொற்பொழிவாளர் அவரினும் அரியர்.

நாம் கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்த்து வருகிறோம். ஆங்கிலப் பள்ளியிற் கற்றோம். நடனப் போட்டி முதல் நெடுந்தொடர் வரை தமிழ் நிகழ்ச்சிகளை விரும்பிப் பார்க்கிறோம். இம்மூன்றும் ஒருவரிடத்தே எங்ஙனம் பொருந்தும் என்று பட்டணத்து நண்பர் சிலர் நகைப்பதுண்டு. ஆங்கிலம் கற்றவர் தமிழ்த் தொடர் பார்ப்பது கற்ற கல்விக்கே இழுக்கு என்பது அவர்கள் எண்ணம் போலும். அன்னார்க்கும், பெட்டியை உடைத்தெறிந்தாலன்றித் தமிழர் சமூகம் உய்யாது என்று முழங்குவார்க்கும் ஒருங்கே விடை கூறும் பொருட்டு, நாம் பார்த்தவற்றையும் அவற்றால் நம் தோட்டத்தில் நிகழ்ந்தவற்றையும் இங்கு எழுதப் புகுந்தோம்.

தமிழ்நாட்டில் கோடை விடுமுறையையும் சித்திரைப் புத்தாண்டையும் ஒட்டித் தொலைக்காட்சி நிலையத்தார் சிறப்பு நிகழ்ச்சிகளை அளிப்பர். நம் நாட்டிற்கோ கோடை என்றொரு தனிப் பருவம் இல்லை. ஆயினும் கெடாவில் வாழும் பால்வெட்டுத் தொழிலாளர்க்கு அதனை ஒத்த காலம் ஒன்று உண்டு. ஆண்டின் தொடக்கத்தில் மழை குறைந்து, பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பால்மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். காலையில் காட்டிற்குட் செல்வோர்க்குத் தலைக்குமேல் நிழலும் இராது. மங்கில் பாலும் இராது. புதுத் தளிர் முற்றும் வரையில் வெட்டும் குறையும், வருவாயும் குறையும். வீட்டில் இருக்கும் நேரம் மட்டும் மிகும். அந்நேரத்தை எப்பொருளைக் கொண்டு நிரப்புவது? பணம் செலவிட்டு ஊர் சுற்ற இயலாத குடும்பங்கள் பெட்டியின் முன் அமர்கின்றன. ஆகவே, நாம் கோடைக் காட்சி என்று கூறுவதெல்லாம் இந்த இலையுதிர் காலத்துக் காட்சியையே என்று வாசகர் கொள்வாராக.

இங்கு இன்னொரு செய்தியும் நினைவிற் கொள்ளத்தக்கது. கெடாவில் அரசு அலுவலகங்கட்கும் பள்ளிகட்கும் ஓய்வு நாள் வெள்ளியும் சனியுமாகும். நமது தோட்டத்திலும் வெள்ளியே ஓய்வு. சென்னை நகரத்தார் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஓய்ந்திருந்து பார்க்கும்படி அமைத்த நடனப் போட்டி, நமக்கு வேலை நாளின் களைப்போடு வந்து சேர்கிறது. மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டியவர்கள் ஒரு கண்ணைத் திரையிலும் ஒரு கண்ணைக் கடிகாரத்திலும் வைத்துப் பார்ப்பார்கள்.

நிற்க. இப்பெட்டி நம்மிடையே வந்த வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 ஆம் ஆண்டு டிசம்பர் 28 ஆம் நாள். வண்ண ஒளிபரப்பு 1978 இல் வந்தது. அக்காலத்தில் லயத்து வீடுகள் அனைத்திற்குமாக ஒரு பெட்டியே இருந்ததென்றும், அரசு ஒளிபரப்பில் எப்போதோ வரும் தமிழ்ப் படத்திற்காகத் தோட்டமே திரண்டு பாய் விரித்து அமர்ந்ததென்றும், தோட்டத்து மின்சார இயந்திரம் நிறுத்தப்பட்டால் படத்தின் முடிவை அவரவர் தமக்கு வேண்டியவாறு அமைத்துக்கொண்டு உறங்கியதென்றும் முதியோர் கூறக் கேட்டுள்ளோம். 1996 இல் அஸ்ட்ரோ நிறுவனம் செயற்கைக்கோள் வழியாக ஒளிபரப்பத் தொடங்கிற்று. அதன் பின்னரே தமிழுக்கென்று தனி அலைவரிசை நம் வீடுகளை எட்டியது. சென்னையில் 1993 இல் தோன்றிய சன் தொலைக்காட்சியும் அவ்வழியே வந்து சேர்ந்தது. லயத்துக் கூரைதோறும் வட்டத் தட்டு முளைத்தது நாம் சிறுவராயிருந்தபோதுதான்.

முதலில் நடனப் போட்டிகளைக் குறித்துப் பேசுவோம். விஜய் தொலைக்காட்சியின் ‘ஜோடி நம்பர் ஒன்’ 2006 இலும், கலைஞர் தொலைக்காட்சியின் ‘மானாட மயிலாட’ 2007 இலும் தோன்றின. நம் நாட்டில் அஸ்ட்ரோ வானவில் ‘ஆட்டம் நூறு வகை’ என்னும் போட்டியை நடத்தியது. சென்னையின் போட்டிகளில் நடிகர் நடிகையர் ஆடினர். வானவிலின் போட்டியிலோ நம் நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளே ஆடினர். அதனால் அதனைப் பார்த்த பெற்றோர் உள்ளத்தில் ‘அவர்கள் ஆடினால் நம் பிள்ளையும் ஆடலாமே’ என்னும் எண்ணம் பிறந்தது. இது சிறிய எண்ணம் என்று எவரும் கருத வேண்டா.

ஏனெனில், ஆட்டம் என்பதைப் பற்றித் தமிழரிடையே ஊறிப் போயிருந்த எண்ணங்கள் மிகவும் இழிந்தவை. கோயிற் பணிக்கென்று பெண்களைப் பொட்டுக்கட்டி, அவர்கள் கலையைப் புகழ்ந்துகொண்டே அவர்களை மனைவியராகவும் மக்களாகவும் மதியாது வைத்திருந்த சமூகம் நமது சமூகம். அக்கொடுமையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சட்டமன்றத்திற் போராடினார். அவ்வாழ்விலிருந்து மீண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936 இல் அதனைக் கதையாகவே எழுதி வெளியிட்டார். சென்னை மாகாணத்தில் 1947 இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. பெண்கள் விடுதலை பெற்றனர். ஆனால் ஆட்டத்தின்மேல் வீசிய பழிச்சொல் முற்றும் நீங்கியதா? 1936 இல் ருக்மிணி தேவி தோற்றுவித்த கலாக்ஷேத்திரம் போன்ற நிலையங்களின் வழியே அதே ஆட்டம் உயர்ந்த வகுப்பார் வீட்டுப் பெண்கள் பயிலும் கலையாயிற்று. உழைப்பாளர் வீட்டுப் பெண் ஆடினாலோ ‘கூத்தாடி’ என்னும் பெயரே தொடர்ந்தது. பறையடித்து ஆடினவரின் நிலை இதனினும் கீழானது. சாவு வீட்டிற்கு அவர் வேண்டும். மற்ற நாளில் அவர் திண்ணைக்கு அப்பால் நிற்க வேண்டும். கடல் கடந்து வந்த நம்மவர் துணி மூட்டையோடு இவ்வெண்ணங்களையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்தனர்.

நடனப் போட்டிகள் இப்பழியை ஒரே நாளிற் போக்கிவிட்டன என்று நாம் கூறவில்லை. ஆயினும் ஒரு நன்மையைச் செய்தன. ஆடுபவர் யார் மகள், எந்தச் சாதி என்று மேடையில் எவரும் கேட்பதில்லை. கால் தாளத்தில் நின்றதா, இணையர் இருவரும் ஒன்றாக அசைந்தனரா, பாட்டின் பொருள் முகத்திற் புலப்பட்டதா என்றே நடுவர் கேட்கின்றனர். மதிப்பெண் இட்டால் காரணம் கூற வேண்டும். குறையைச் சுட்டினால் அது திருந்தும் வழியையும் காட்ட வேண்டும். நாட்டுப்புற ஆட்டம் ஆட வேண்டும் என்று ஒரு சுற்று வைத்தபோது பறையும் கரகமும் அதே மேடையில் ஏறின. நம் லயத்துக் கிழவர் ஒருவர், அவர் தந்தையார் பறையடித்தவர், அதனைப் பார்த்துவிட்டு, “இதுக்குக் கைதட்டுறாங்களே!” என்று ஒருமுறை கூறினார். அதற்குமேல் அவர் யாதும் பேசவில்லை.

நமது தோட்டத்தில் இன்று எஞ்சியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சிலவே. பால்மரத்தின் இடத்தைச் செம்பனை பிடித்துக்கொண்டது. நம்மவர் இடத்தை வெளிநாட்டுத் தொழிலாளர் பிடித்தனர். இளையோர் பெரும்பாலும் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் பினாங்கிற்கும் குடிபெயர்ந்தனர். எஞ்சிய குடும்பங்களுள் ஒன்றில் அன்று பன்னிரண்டு வயதான ஒரு சிறுமி இருந்தாள். பயன்பாடின்றிக் கிடந்த ஆயாக்கொட்டகையின் சிமெண்டுத் தரையே அவளுக்கு மேடை. பால் வாளியின்மேற் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, போட்டியில் ஆடியவரின் ஓர் அசைவை இருபது முறை, முப்பது முறை பார்த்து ஆடிப் பழகுவாள். அலுவலகத்தினின்றும் வீடு திரும்பும் வழியில் நாம் நின்று பார்த்ததுண்டு. எவரும் கட்டளையிடாத ஒரு வேலையை ஒரு குழந்தை அத்துணை ஒழுங்காகச் செய்தல் கண்டு வியந்தோம். பட்டணத்தில் வெள்ளிக்கிழமைதோறும் நடனம் கற்பிப்பார் உளர் என்றும், மாதக் கட்டணம் 60 ரிங்கிட் என்றும் அவள் அறிந்து வைத்திருந்தாள். அந்த 60 ரிங்கிட்டே இக்கட்டுரையின் உயிர்நிலை என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

போட்டிகளின் குற்றங்களையும் மறைத்தல் தகாது. ஐந்து வயதுக் குழந்தைக்குப் பெரியோர் காதற் பாட்டைக் கொடுத்து, அப்பாட்டிற்குரிய கண்வீச்சையும் இடையசைவையும் கற்பித்து, அது கண்டு பெரியோர் சிரித்து மகிழ்தல் எவ்வகையிலும் நன்றன்று. கலையைக் கற்ற நடுவர் கூறிய முடிவைக் கைப்பேசிச் செய்தியின் எண்ணிக்கை புரட்டிவிடுவதும் உண்டு. வாக்கு ஒவ்வொன்றிற்கும் கட்டணம் பெறுவதாயின் அது வாக்கன்று, விற்பனை. தோற்றவர் அழும் முகத்தை நெருக்கமாகக் காட்டி நெடுநேரம் இசையோடு நிறுத்தி வைப்பதும் ஒரு வாணிகமே. இவற்றை அறிந்தே நாம் பார்க்கிறோம். சந்தையில் அழுகல் உண்டென்பதற்காகக் காய்கறி வாங்காதிருப்பார் இலர். பொறுக்கி எடுக்கத் தெரிந்திருத்தல் வேண்டும்.

இனி, நாடகங்களுக்கு வருவோம். 1975 இல் தொடங்கிய சென்னைத் தூரதர்சனத்தில் வாரம் ஒன்றாகப் பதின்மூன்று பகுதிகளில் முடியும் தொடர்கள் வழக்கிலிருந்தன. தனியார் நிலையங்கள் வந்தபின் நாள்தோறும் வரும் நெடுந்தொடர் வழக்காயிற்று. 1999 முதல் 2001 வரை வந்த ‘சித்தி’ நமது சிறு வயதில் லயத்தையே அடக்கி உட்கார வைத்தது. 2002 முதல் 2005 வரை வந்த ‘மெட்டி ஒலி’ 811 பகுதிகள். 2003 முதல் 2009 வரை வந்த ‘கோலங்கள்’ 1533 பகுதிகள். 2014 இல் தொடங்கி 2022 இல் முடிந்த ‘சந்திரலேகா’ இரண்டாயிரத்தையும் கடந்தது. நாம் கணக்கெழுதிப் பிழைப்பவராதலின் ஒரு கணக்கிட்டுப் பார்த்தோம். பகுதி ஒன்றிற்கு விளம்பரமும் சேர்த்து அரைமணி நேரம் என்று கொண்டால், ‘கோலங்கள்’ முழுவதையும் பார்த்தவர் 766 மணி நேரத்திற்குமேற் செலவிட்டுள்ளார். எட்டு மணி நேரம் கொண்ட வேலை நாளாக எண்ணினால் ஏறத்தாழ 96 நாட்கூலிக்குச் சமமாகும். இத்துணை நேரத்தைப் பெற்றுக்கொண்ட ஒன்று நமக்கு யாது திருப்பித் தந்தது என்று கேட்பது முறையே.

தொடர் ஏன் நீள்கிறது என்பதற்கு மறைபொருள் ஏதும் இல்லை. கதை முடிந்தால் பார்ப்போர் கலைவர். பார்ப்போர் கலைந்தால் விளம்பரம் போய்விடும். ஆகவே முடிய வேண்டிய கதையை முடியவொட்டாமல் தடுப்பதே எழுதுவோர் கடமையாகிறது. ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வருவதை மூவர் முகத்தில் மூன்று முறை காட்டுகின்றனர். உண்மையை அறிந்தவர் அதனைச் சொல்ல வாயெடுக்கும் வேளையில் மயங்கி விழுகின்றார். கதை நீள்வதற்கு மனிதர் போதாதபோது பாம்பையும் துணைக்கழைப்பர். 2017 இல் சன் தொலைக்காட்சியில் வந்த ‘நந்தினி’ நாகத்தை வைத்தே நடந்தது. மந்திரம், செய்வினை, பரிகாரம் என்று இவர்கள் காட்டுவதைக் கண்டு, காய்ச்சலுக்கு மருத்துவமனை செல்லாமல் எலுமிச்சம்பழம் வாங்கச் செல்பவர் இன்றும் உளர். இத்தகையவற்றை நாம் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டுமென்று எவர்க்கும் கூறுவதுமில்லை.

மெட்டி ஒலியில், தாயற்ற ஐந்து பெண்களின் தந்தையாராகிய சிதம்பரம் என்பவர், புகுந்த வீடுகளில் அப்பெண்கள் படுந் துன்பங்களைக் கண்டு உருகுகிறார். நம் தமக்கையாரும் அவரோடு சேர்ந்து உருகினார். மணம் செய்துகொடுத்த பெண் துன்புற்றால் தந்தை அழலாம் என்பதை அத்தொடர் காட்டியது. அப்பெண் எழுந்து வெளியே வரலாம் என்பதை அதே அழுத்தத்துடன் காட்டியது என்று சொல்ல இயலாது. பொறுமையே பெண்ணுக்கு அணி என்னும் பழைய பாடத்தைக் கண்ணீரிற் கரைத்துக் கொடுக்கும் தொடர்கள் அன்று மிகுதி. கோலங்களில் அபி என்னும் பெண் குடும்பத்தைத் தாங்கித் தானே தொழில் நடத்தினாள். அது ஒரு படி மேலே.

2022 பிப்ரவரியில் ‘எதிர்நீச்சல்’ வந்தது. கோலங்களை இயக்கிய திருச்செல்வமே இதனையும் இயக்கினார். மதுரையில் ஆதி குணசேகரன் என்னும் செல்வர். அவர் தம்பியர் மூவர். அந்நால்வர்க்கும் வாழ்க்கைப்பட்ட ஈசுவரி, ரேணுகா, நந்தினி, சனனி. வேலைக்குச் செல்லலாம் என்று வாக்களித்து மணம் முடித்த பின்னர் அவ்வாக்கை விழுங்கிவிடும் வீடு அது. கற்ற பெண்கள் அடுப்படியில் அடைபட்டுக் கிடந்து, ஒருவர் பின் ஒருவராய்த் தம் காலில் நிற்க முற்படுவதே அக்கதையின் பெரும்பகுதி. குணசேகரனாக நடித்த மாரிமுத்து என்பார் அதிகாரத்தைக் கத்தியே காட்ட வேண்டுவதில்லை என்று அறிந்திருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே ஒரு பெண்ணின் வாழ்வை முடித்துவிடும் சொல்லை அவர் உதிர்க்கும்போது, ‘இவரை நாம் அறிவோம், இவர் நம் சிற்றப்பா, இவர் நம் மாமனார்’ என்று பார்ப்பவர் திடுக்கிட்டனர். 2023 செப்டம்பர் 8 ஆம் நாள் அத்தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த வேளையில் அவர் உடல் நலங்குன்றி இறந்தார். முதல்நாள் வரையில் அவரைத் திட்டித் தீர்த்த பெண்கள் அன்று நம் தோட்டத்தில் அழுதனர். நடிப்பு வேறு, மனிதர் வேறு என்று அவர்கள் தெளிவாகவே அறிந்திருந்தனர். தொடர் பார்ப்போர் மதியற்றவர் என்பார் இதனைச் சிந்திப்பாராக.

இனி நமது அலுவலகத்திற்கு வருவோம். 2024 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். மரங்கள் இலையின்றி நின்ற காலம். செக்ரோலில் வேலை நாட்களைப் பதிந்துகொண்டிருந்தோம். நாம் முன்னர்க் கூறிய சிறுமியின் தாயார், இருபது ஆண்டுகளுக்குமேற் பால்வெட்டியவர், கணக்குப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு வாயிலில் வந்து நின்றார்.

“என்ன அக்கா?” என்றோம்.

“ஐயா, பேங்குக் கார்டுக்குப் புது நம்பர் போடணும். எப்படின்னு சொல்லிக் கொடுங்க. அவருக்குத் தெரியாத நம்பரா இருக்கணும்.”

வாசகர் இதன் பொருளை அறிதல் வேண்டும். 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் வழி, கூலி தொழிலாளியின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிற் செல்கிறது. முற்காலத்தில் மேசைமேல் எண்ணிக் கொடுத்த பணத்தைக் கணவன்மார் வந்து வாங்கிச் சென்றதை முதிய கிராணிமார் கூறுவர். அவ்வழக்கம் ஏட்டில் ஒழிந்தது. ஆனால் கணக்கு மனைவியின் பெயரிலும், அட்டை கணவனின் சட்டைப் பையிலும் இருப்பதை எந்தச் சட்டம் கண்டது? மாதத்தின் முதல் வாரத்தில் பட்டணத்து வங்கி இயந்திரத்தின்முன் இரண்டு அட்டைகளோடு நிற்கும் ஆடவரை எவரும் காணலாம். அவர்கள் அனைவரும் கொடியவர் அல்லர். பெரும்பாலோர் அப்பணத்தில் அரிசியும் பருப்புமே வாங்குகின்றனர். எனினும், விடியற்காலையில் நெற்றி விளக்கோடு காட்டிற்குட் சென்று உழைத்தவர் தம் உழைப்பின் விலையைத் தம் கையாற் தொட்டதில்லை என்பது உண்மை.

அவ்வம்மையார் தம் மகளின் நடன வகுப்பிற்கு 60 ரிங்கிட் கேட்டிருக்கிறார். கணவர், “கூத்தாட்டத்துக்குக் குடுக்கப் பணமில்லை” என்றாராம். அவ்வாண்டு நாட்டில் குறைந்த அளவு மாத ஊதியம் 1,500 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் அது 1,700 ஆயிற்று. 1,500 இல் 60 என்பது இருபத்தைந்தில் ஒரு பங்கு. தம் உழைப்பில் இருபத்தைந்தில் ஒரு பங்கைத் தாம் பெற்ற மகளுக்குச் செலவிட ஒரு தாய் கெஞ்ச வேண்டுமா? நாம் எண்ணை மாற்றும் முறையைத் தாளில் எழுதிக் கொடுத்தோம். எழுந்து செல்லும்போது அவர் கூறினார்: “அந்த நாடகத்திலே அதுங்க நாலு பேரும் படிச்ச பொண்ணுங்க. படிச்சதுங்களுக்கே அந்த நிலைமைன்னா நான் எப்படிக் கேக்குறதுன்னு நெனச்சேன். அப்புறம், நான்தானே சம்பாதிக்கிறேன், எனக்கென்னன்னு தோணிச்சு.”

மூன்றாம் நாள் கணவர் வந்தார். அவரும் நம் தோட்டத்திலேயே லாரி ஓட்டுபவர். “ஐயா, அந்த நாடகம் வந்ததிலிருந்து வீட்டிலே பொம்பளைங்க பேச்சே மாறிப் போச்சு. அதைத் தோட்டத்திலே காட்டக்கூடாதுன்னு நீங்க ஒரு நோட்டீசு ஒட்டுங்க” என்றார். நமக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டோம். செக்ரோலைத் திறந்து அவர் பெயரையும் அவர் மனைவியார் பெயரையும் தனித்தனியே காட்டினோம். “அண்ணே, உங்க கார்டை அவங்க வைத்துக்கொண்டு, லாரிக்காரருக்குப் பணம் எதற்கு என்று கேட்டால் நீங்கள் பொறுப்பீர்களா?” என்று கேட்டோம். அவர் விடை கூறாமற் போய்விட்டார்.

பின்னர் நிகழ்ந்தது யாதெனின், அட்டை அம்மையாரிடமே இருக்கிறது. சிறுமி வகுப்பிற் சேர்ந்தாள். வெள்ளிக்கிழமைகளில் பேருந்து நேரம் ஒத்துவராமையால் அந்தத் தந்தையாரே தம் மோட்டார் சைக்கிளில் அவளைக் கொண்டுபோய் விடுகிறார். வகுப்பிற்குள் மட்டும் இன்னும் நுழையவில்லை. வெளியே தேநீர்க் கடையில் அமர்ந்திருப்பாராம். பட்டணத்தில் நடந்த ஒரு போட்டியில் அவள் இரண்டாம் சுற்றிலேயே வெளியேறினாள். இடப்பக்கம் திரும்பும்போது காலடி பிந்துகிறது என்று நடுவர் கூறியதை மறுநாள் மாலை ஆயாக்கொட்டகையில் திருத்திக்கொண்டிருந்தாள்.

இவ்வொரு நிகழ்ச்சியைக் கொண்டு தொடர்கள் பெண்ணினத்தை விடுவித்துவிடும் என்று முடிவு கட்டுதல் ஆகாது. அதே லயத்தில் மற்றொரு வீட்டின் செய்தியையும் கூறுவோம். அவ்வீட்டு மூதாட்டியார் எதிர்நீச்சலை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. சனனிக்காகக் கண்ணீர் விட்டார், குணசேகரனுக்குச் சாபமிட்டார். அவர் மருமகள் கல்லூரியில் மின்னணுத் தொழில் கற்றுப் பட்டயம் பெற்றவர். கூலிமிலுள்ள உயர் தொழில்நுட்பப் பூங்காவில் ஒரு தொழிற்சாலையார் அவரை வேலைக்கு அழைத்தனர். இரவு முறை வேலை என்று அறிந்ததும் அம்மூதாட்டியார், “ராத்திரியிலே பொம்பளை வெளியே போறதா?” என்று தடுத்துவிட்டார். இதனை அவர் கூறியது தொடரின் இடையே விளம்பரம் வந்த வேளையில் என்பதை அம்மருமகளே நம் துணைவியாரிடம் கூறினார். திரையிலுள்ள குணசேகரனை அறிந்துகொண்ட கண்ணிற்குத் தன்னுள் இருக்கும் குணசேகரன் புலப்படவில்லை. அவர் ஆடவராகவே இருத்தல் வேண்டும் என்னும் விதியும் இல்லையே!

இவ்விரு வீடுகளும் ஒரே தொடரைப் பார்த்தன. ஒரு வீட்டில் கதை வாழ்வோடு ஒட்டியது; மற்றொரு வீட்டில் கண்ணீரோடு கழுவப்பட்டுப் போயிற்று. காரணத்தை நாம் ஆராய்ந்தவரையில், முதல் வீட்டில் தாயும் மகளும் பார்த்ததைப் பற்றிப் பேசினர்; இன்னார் செய்தது சரியா, நாமாயின் என் செய்வோம் என்று வழக்காடினர். இரண்டாம் வீட்டில் மூதாட்டியார் பேசினார், மருமகள் கேட்டுக்கொண்டிருந்தார். நடனப் போட்டியில் நடுவர் காரணம் கூறாது மதிப்பெண் இட்டால் நாம் ஒப்புவதில்லை. வீட்டில் மட்டும் காரணம் கூறாத தீர்ப்புகளை ஏன் ஒப்புகிறோம்?

இன்னுமொரு குறையையும் கூறி அமைவோம். சென்னைத் தொடர்களில் நம் பால்மரக்காடு இல்லை, பெரட்டு இல்லை, வெள்ளிக்கிழமை ஓய்வு இல்லை. நம் நாட்டுத் தமிழ் நாடகங்கள் அரசு ஒளிபரப்பிலும் அஸ்ட்ரோவிலும் வருகின்றன. அவற்றை எடுப்போர் குறைந்த பொருளில் மிகுந்த முயற்சி செய்கின்றனர். அவற்றை நம்மவரே ‘உள்ளூர்ச் சரக்கு’ என்று ஒதுக்குகின்றனர். வங்கி அட்டைக்கு எண் மாற்ற வந்த தோட்டத்துப் பெண்ணின் கதையை மதுரையில் எவரும் எழுதப் போவதில்லை. அதனை எழுத வேண்டியவர் சுங்கை பட்டாணியிலும் பீடோங்கிலும் இருக்கிறார். அவர் எழுதி எடுத்தால் நாம் பார்க்க வேண்டும். குறையிருந்தால் நடனப் போட்டி நடுவரைப்போல் காரணத்தோடு கூற வேண்டும்.

அன்பர்களே! பெட்டியை உடைக்கவும் வேண்டா. அதற்கு அடிமையாகவும் வேண்டா. வரும் இலையுதிர் காலத்தில் நீங்கள் விரும்பிய போட்டியையும் தொடரையும் குடும்பத்தோடு அமர்ந்து பாருங்கள். பார்த்து முடிந்ததும் இரண்டு கேள்விகளை உங்கள் வீட்டில் எழுப்புங்கள். இவ்வீட்டில் உழைக்கும் பெண்ணின் வங்கி அட்டை யார் கையில் இருக்கிறது? கற்க விரும்பும் பெண் எதனைக் கற்கிறாள், அதற்குக் குறுக்கே நிற்பவர் யார்? இவற்றிற்கு நேரான விடை கிடைக்குமாயின், 766 மணி நேரம் செலவிட்டது குறித்து நாம் ஒருவரையும் குறை கூற மாட்டோம்.